பேராசை என்னும் பழிச்சொல்: டூரின் குலத்தின் வரலாறு குறித்து ஒரு மறுப்பு

ஒரு மக்கட் கூட்டத்தார் தம் மூதாதையர் வாழ்ந்த இடத்தை இழந்து வெளியேறுகின்றனர். அவர்கள் ஏன் வெளியேற நேர்ந்தது என்ற வினா எழும்போது விடை கூற முன்வருவோர் அம்மக்கள் அல்லர், அயலார். அவ்வயலார் கூறும் விடையோ மிகச் சுருக்கமானது: பேராசையால் அழிந்தனர். சுருக்கமான விடைகளுக்கு நீண்ட ஆயுள் உண்டு. கேட்டவர் அதனை எளிதில் மனனஞ் செய்கிறார்; மனனஞ் செய்தவர் அதனை ஆராய்ந்து பார்ப்பதில்லை. ஜே. ஆர். ஆர். ரொல்கீன் (1892–1973) படைத்த நடுப்புவி என்னும் கற்பனையுலகில் டூரின் குலத்தார்க்கு நேர்ந்த கதி இதுவேயாகும். அவர்கள் மோரியாவை இழந்தது தம் பேராசையினால் என்பது இன்று அந்நூல்களைப் படித்தோரும் படியாதோரும் ஒருங்கே ஒப்பும் முடிபாகிவிட்டது. அம்முடிபு நூலின் சான்றுகளுக்கே முரணானது என்பதும், அதனை நிலைநாட்டியது ஆசிரியரினும் மிகுதியாக வாசகரின் சோம்பலே என்பதும் என் வாதம்.

இல்லாத உலகத்தில் இல்லாத ஒரு குலத்தின் மீது சுமத்தப்பட்ட பழிக்காக இவ்வளவு தூரம் வழக்காடுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். பூதமும் பேயும் உலவும் காப்பியங்களுக்கு விரிவுரை கேட்டு, அவற்றிலிருந்து சமூக வரலாறு கண்டு, தேர்வும் எழுதி வந்த நாம் இக்கேள்வியை எழுப்புவது பொருந்தாது. வரலாற்றை வாசிக்கும் பழக்கம் ஒன்றுதான். கதையில் வரும் ஒரு குலத்தைப் பற்றி அயலான் சொன்னதை அடிக்குறிப்பைக்கூடப் பாராது நம்பிவிடுகின்றவன், ஆவணக் காப்பகத்தினுள் நுழைந்தவுடன் திடீரென்று வேறொருவனாக மாறிவிடுவான் என்று எதிர்பார்க்க இயலாது.

முதலில் பெயர் பற்றி ஒரு சொல். இக்குலத்தார் உருவத்தாற் குறுகியவர், தாடி வளர்ப்பவர், மலையைக் குடைந்து வாழ்பவர். தமிழில் இவரைக் 'குள்ளர்' எனச் சுட்டுவதே எளிது. ஆனால் குள்ளன் என்ற சொல் நம் வழக்கிற் பெயராக நிற்பதினும் ஏளனமாகவே நிற்கின்றது. பழந்தமிழில் 'குறள்' என்ற சொல் இருக்கின்றது. கூனும் குறளும் அரண்மனைப் பணியாளராகச் சிலப்பதிகாரத்திலே வருவர். கலித்தொகையின் மருதக்கலியில், 94ஆம் பாடல் முழுவதும் ஒரு கூனிக்கும் ஒரு குறளனுக்கும் இடையே நிகழும் உரையாடலே. அங்கும் நகைச்சுவைதான் பயன். குறுகிய உருவத்தைக் கண்டவுடன் நகைக்க வேண்டும் என்ற விதியை நம் முன்னோரும் மீறினாரல்லர். ரொல்கீனோ ஆங்கிலத்தில் அப்பெயருக்கு வழங்கிவந்த பன்மை வடிவத்தை விலக்கித் தமக்கெனப் பிறிதொரு பன்மை வடிவத்தைக் கையாண்டார். வேடிக்கைக் கதைகளில் வரும் குள்ளரினின்றும் இவரை வேறுபடுத்திக் காட்டுவதே அவர் நோக்கம். அந்நோக்கத்துக்கு மதிப்பளித்து இங்கே 'குறளர்' என்றே எழுதுகிறேன்.

டூரின் குலத்தின் வரலாறு தொடர்ச்சியாக ஓரிடத்திலேதான் கிடைக்கின்றது. 1955 இல் வெளிவந்த 'மோதிரங்களின் தலைவன்' மூன்றாம் பாகத்தின் இறுதியில், பின்னிணைப்பு 'அ'வின் மூன்றாம் பகுதியாகச் சில பக்கங்கள். கதை முடிந்துவிட்டதென்று பெரும்பாலோர் நூலை மூடிவைக்கும் இடத்திலே அது தொடங்குகின்றது. அப்பகுதி கிம்லி என்னும் குறளரிடமிருந்து பெறப்பட்டிருக்கலாம் என்று நூலே குறிப்புணர்த்துகின்றது. எல்வர் கூறுவதையும் மாந்தர் கூறுவதையும் ஆயிரம் பக்கங்களுக்குக் கேட்ட பின்னர், குறளரின் பக்கத்தை அறிய வேண்டுவோன் பின்னிணைப்பிற்குச் செல்ல வேண்டியிருக்கின்றது என்பதையும் மனங்கொள்க.

அவ்வரலாற்றின் தொடக்கமே அவர்களை இரண்டாம் தரத்தினராக நிறுத்துகின்றது. 1977 இல் வெளியான 'சில்மரில்லியன்' கூறும் படைப்புக் கதையின்படி, எல்வரும் மாந்தரும் இலூவதார் என்னும் பரம்பொருளின் நேர்ப் பிள்ளைகள். குறளரோ அவுலே என்னும் கம்மியத் தேவன் பொறுமையிழந்து மறைவாகச் செய்தவர். செய்தது வெளிப்பட்டபோது அவுலே சம்மட்டியை ஓங்கினான். அவர்கள் அஞ்சி ஒடுங்கி உயிர்ப்பிச்சை வேண்டினர். பரம்பொருள் இரங்கித் தத்தெடுத்துக் கொண்டது. ஆனால் மூத்த பிள்ளைகளாகிய எல்வர் விழிக்கும்வரை அவர்கள் கல்லுக்கடியில் உறங்க வேண்டுமென விதித்தது. ஏழு தந்தையருள் மூத்தவன் டூரின். அவன் விழித்தெழுந்து தனியனாக நடந்து, ஓர் ஏரியின் நீரிலே தன் தலைமீது விண்மீன்கள் முடியெனத் தோன்றக் கண்டு, அதன் மேலுள்ள குகைகளில் கஸாட்-டூம் என்ற மாநகரை அமைத்தான். மோரியா என்பது பின்னர் எல்வர் இட்ட பெயர். கரும்படுகுழி என்பது அதன் பொருள். ஒரு மக்களின் தலைநகரை உலகம் அதன் அயலார் இட்ட இழிபெயராலேயே அறிந்து வைத்திருக்கின்றது. (நானும் அப்பெயரையே ஆள வேண்டியிருக்கின்றது, வேறு பெயரிட்டால் வாசகர்க்கு விளங்காது.)

இனி வழக்கின் மையத்திற்கு வருவோம். மோரியாவின் அடியில் மித்ரில் என்ற அரிய உலோகம் கிடைத்தது. மூன்றாம் யுகம் 1980 இல் அதனைத் தேடி ஆழத் தோண்டியபோது பல்ரோக் என்னும் தீயின் அரக்கன் வெளிப்பட்டு அரசன் ஆறாம் டூரினைக் கொன்றான். மறு ஆண்டில் அவன் மகன் முதலாம் நைனும் கொல்லப்பட, மக்கள் நகரைவிட்டு ஓடினர். நிகழ்ந்தவை இவ்வளவே. இவற்றின் மீது 'பேராசை' என்ற சொல்லை ஒட்டுபவர் கண்டால்ஃப் என்ற மந்திரவாதி. அவர் குறளரின் பகைவரல்லர், நண்பரே. எனினும் அவர் பேசும் முறையைக் கவனியுங்கள். குறளர் இதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்று கூறிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அவர்கள் அளவுக்கு மீறி ஆசைப்பட்டுத் தோண்டினர் என்று தாமே தீர்ப்பளித்துவிடுகிறார். சாட்சி வாய் திறக்கவில்லை. ஆயினும் குற்றம் நிரூபணமாயிற்று! 1980 இல் கண்டால்ஃப் மோரியாவினுள் இருந்தார் என்பதற்கு நூலில் எவ்விதச் சான்றுமில்லை.

பின்னிணைப்பு இதே நிகழ்ச்சியை வேறு குரலிற் கூறுகின்றது. மித்ரில் ஆண்டுதோறும் கிடைப்பதற்கு அரிதாகி வந்தது. ஆகவே ஆழமாகத் தோண்டினர். உறங்கிய கொடுமை எழுந்தது. அவ்விடத்தில் ஆசிரியர் ஓர் அடிக்குறிப்பு இடுகிறார். அது எழுப்பப்படாமல் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். சவுரோனின் தீய எண்ணம் அதனை முன்னரே விழிக்கச் செய்திருக்கவும் கூடும் என்பது அதன் சாரம். ஒரேயொரு அடிக்குறிப்பு, ஆனால் வழக்கு முழுவதையும் புரட்டிவிடுகின்றது. அரக்கன் முன்னரே விழித்திருந்தானாயின் குறளர் செய்தது யாது? தம் வீட்டின் அடித்தளத்தில் வேறொருவன் வைத்த நெருப்பின் மீது தம் தொழிலைச் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவே.

அந்நெருப்பு அங்கு எவ்வாறு வந்தது என்பதையும் எவரும் கேட்பதில்லை. பல்ரோக் மோரியாவிற் பிறந்ததன்று. முதல் யுகத்தின் முடிவில் மேற்கிலிருந்து வந்த தேவர்களின் படை மோர்கோத் என்ற பேரரக்கனை முறியடித்தபோது, அவன் படையிலிருந்து தப்பி ஓடி மலையின் அடியில் ஒளிந்துகொண்டது அது. பெரும் வல்லரசுகள் தம்முட் பொருதன. வென்றவர் கடலுக்கப்பால் திரும்பினர். தப்பியோடிய எச்சம் ஒரு சிறிய குலத்தின் வீட்டினுள் புகுந்துகொண்டது. அப்போரைத் துப்புரவாக முடிக்காது சென்றவர்களை எவரும் குறை கூறவில்லை. குறை முழுவதும் வீட்டுக்காரனுக்கே வந்து சேர்ந்தது.

பேராசைக்கும் பிழைப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கு நோக்குதல் வேண்டும். குறளர் உழுதுண்பவரல்லர், கல்லையும் உலோகத்தையும் வேலைசெய்து, அவற்றைக் கொடுத்து உணவு பெறுபவர். எரெபோர் மலையில் வாழ்ந்த காலத்தில் தாம் உணவு விளைவிக்க முயன்றதேயில்லை என்று தோரினே 'ஹொபிற்' நூலிற் கூறுகிறான். சுரங்கமே வயலாக இருக்கும் ஒரு மக்களை நோக்கி 'ஏன் மேலும் தோண்டினாய்' என்பது, உழவனை நோக்கி 'ஏன் மறுபோகமும் விதைத்தாய்' என்பதை ஒக்கும். மித்ரில் கண்டுபிடிக்கப்பட்டது இரண்டாம் யுகத்தின் எட்டாம் நூற்றாண்டளவிலோ அதற்கு முன்னரோ ஆகும். எல்வரின் எரெகியோன் நாடு அமைந்தது அவ்யுகம் 750 அளவில். அன்றிலிருந்து மோரியா வீழ்ந்தது வரை 4,600 ஆண்டுகளுக்கு மேல். இவ்வளவு காலம் ஒரு தொழிலைச் செய்து வந்தவர் இறுதியாண்டில் மட்டும் பேராசைக்காரர் ஆகிவிட்டனரா?

மித்ரிலை விரும்பியவர் யார் என்று கேட்டால் விடை மேலும் சுவையானது. மோரியாவில் மித்ரில் கண்டெடுக்கப்பட்டது என்ற செய்தி கேட்டே நொல்டோர் எல்வர் எரெகியோனுக்குக் குடிபெயர்ந்தனர் என்று பின்னிணைப்பு 'ஆ' தெளிவாகக் கூறுகின்றது. உலோகத்தைத் தேடி நாடு பெயர்ந்து வந்தவர் அவர். ஆயினும் அவர் 'கலைஞர்'. தம் வீட்டின் கீழே கிடைத்ததை எடுத்தவர் குறளர், அவர் 'பேராசைக்காரர்'. லோரியன் நாட்டுத் தலைவி கலாட்ரியேலின் விரலில் உள்ள மோதிரம் மித்ரிலால் ஆனது. அந்நாட்டின் எல்லையிற் காவல் புரிவோர் குறளரை உள்ளே விடுவதில்லை. அந்த உலோகம் உள்ளே நுழையலாம். அதை அகழ்ந்தவன் நுழையலாகாது! கிம்லி வந்தபோது அவனுக்கு மாத்திரம் கண்ணைக் கட்ட வேண்டுமென்றனர். அவன் மறுத்தான். முடிவில் எல்லோர் கண்களையும் கட்டுமாறு செய்து அராகோர்ன் அவ்விழிவைப் பங்கிட்டுக்கொண்டான். உடன் வந்த எல்வனாகிய லெகோலாஸ் தன் கண்ணையும் கட்டுவதா என்று சினந்தது அக்காட்சியின் நுட்பமான பகுதி.

அதே அத்தியாயத்தில், குறளர் மலையில் தீமையை எழுப்பியதால் லோரியனுக்குத் துயர் வந்தது என்று எல்வரின் மரபுக் கதையை லெகோலாஸ் எடுத்துரைக்கிறான். அத்தீமையைக் குறளர் படைக்கவில்லையே என்கிறான் கிம்லி. லெகோலாஸ் அதனை மறுக்கவில்லை. ஆனால் தீமை வந்ததே என்று கூறி நகர்ந்துவிடுகிறான். குற்றச்சாட்டுக்கு விடை கிடைத்த பின்னரும் குற்றச்சாட்டை மீளப் பெறாமல் பேச்சை மாற்றும் இவ்வித்தையை நாம் அறியாதவரல்லேம். பின்னர் லோரியன் தலைவன் கெலபோர்ன், குறளர் மீண்டும் அத்தீமையைக் கிளறிவிட்டனர் என்று தெரிந்திருந்தால் கிம்லியை எல்லைக்குள் விட்டிருக்கமாட்டேன் என்று வெகுளுகிறான். அவனைத் திருத்துபவள் கலாட்ரியேல் ஒருத்தியே. தன் நாட்டை இழந்தவனுக்கு அதனைக் காணும் ஆசை இருக்காதா என்று கேட்டு, அந்நாட்டின் இடங்களை அவன் மொழியிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறாள். கஸாட்-டூமை அதன் உண்மைப் பெயரால் அழைத்த அந்த ஒரு கணத்திற்காகக் கிம்லி வாழ்நாள் முழுவதும் அவளுக்கு அன்பனானான்.

மோரியாவை விட்டு வெளியேறியோரின் பின்வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1999 இல் முதலாம் திரைன் எரெபோரில் அரசு நிறுவினான். 2210 இல் பெரும்பகுதியினர் வடக்கே சாம்பல் மலைகளுக்குச் சென்றனர். அங்கு யாளிநாகங்கள் தாக்கின. 2589 இல் அரசன் முதலாம் டைன் தன் வாயிலிலேயே ஒரு மகனுடன் கொல்லப்பட்டான். 2590 இல் திரோர் எரெபோருக்கு மீண்டான். 2770 இல் ஸ்மாக் என்ற யாளிநாகம் வந்து எரெபோரையும் அதன் அருகில் மாந்தர் வாழ்ந்த டேல் நகரையும் அழித்தது. எண்ணிப் பாருங்கள்: எண்ணூறு ஆண்டுகளுக்குள் மூன்று தாயகங்கள். இம்மூன்றிலும் வெளியிலிருந்து வந்து கொன்றவன் இருக்கிறான். பிறன் பொருளைக் கவர்ந்து அதன்மீது படுத்துறங்கும் ஸ்மாக்கை விட்டுவிட்டு, பொருளைச் செய்தவனைப் பேராசைக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்?

2790 இல் முதிய திரோர், நார் என்ற ஒரே தோழனுடன் மோரியாவின் வாயிலுக்குச் சென்று, தனியே உள்ளே புகுந்தான். ஓர்க்குகளின் தலைவன் அஸோக் அவனைக் கொன்று, வெட்டிய தலையின் நெற்றியில் தன் பெயரைக் குறளர் எழுத்திலேயே சுட்டு எழுதி, உடலை வெளியே எறிந்தான். நாரின் முகத்தில் சில்லறைக் காசுப் பை ஒன்றை வீசி, இதுதான் உனக்குக் கூலி என்றான். செய்தி கேட்ட இரண்டாம் திரைன் ஏழு நாள் வாய் பேசாது அமர்ந்திருந்தான். பின்னர் ஏழு குலத்தாரும் திரண்டனர். 2793 இல் தொடங்கிய போர் 2799 இல் மோரியாவின் கீழ்வாயிற் பள்ளத்தாக்கில் முடிந்தது. குறளர் வென்றனர், ஆனால் அவருட் பாதிப்பேர்கூட நிற்கத்தக்கவராக எஞ்சவில்லை.

இப்போது பேராசைக் கொள்கையினர் விடையிறுக்க வேண்டிய வினா இது. வெற்றி பெற்ற படை மோரியாவின் திறந்த வாயிலின் முன் நிற்கின்றது. உள்ளே உலகின் ஒரே மித்ரில் சுரங்கம். உள்ளே செல்வோம் என்கிறான் திரைன். படை மறுக்கின்றது. அஸோக்கை வீழ்த்திய டைன், 32 வயதே ஆன இளைஞன், வாயிலுக்குள் நோக்கி அச்சத்தைக் கண்டு திரும்பியவன், செல்லலாகாது என்கிறான். அவர்கள் பொருளின்றித் திரும்பினர். இறந்தோர் எண்ணிக்கை மிகுந்தமையால் கல்லறை அமைக்க இயலாது, தம் வழக்கத்திற்கு மாறாக உடல்களை எரித்தனர். எரியுண்டவர் என்பது பின்னர் அவர்தம் வழித்தோன்றல்கள் பெருமையுடன் கூறும் பெயராயிற்று. திரைனும் தோரினும் மேற்கே நீல மலைகளில் இரும்படித்துப் பிழைத்தனர். செல்வத்தின் வாயிலிலிருந்து பட்டடைக்குத் திரும்பிய இம்மக்களின் செயலைப் பேராசை என்ற சொல்லால் விளக்கிக் காட்டுமாறு நான் அறைகூவுகிறேன்.

எதிர்வாதியிடம் சான்று இல்லை என்று நான் கூறவில்லை. 'ஹொபிற்' நூலில் ஸ்மாக் இறந்தபின் தோரின் செல்வத்தின் மீது கொண்ட மயக்கத்தால் நண்பனையும் ஏசுகிறான். பார்டுக்கும் எல்வ வேந்தனுக்கும் பங்கு கொடுக்க மறுக்கிறான். உண்மை. குறளர் பெற்ற ஏழு மோதிரங்கள் அவர்கள் உள்ளத்திலே பொன்வேட்கையை மூட்டின என்று பின்னிணைப்பும் ஒப்புகின்றது. ஆனால் அவ்விடத்தில் நூல் கூறும் மற்றொன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். அம்மோதிரங்களால் மாந்தரை நிழல்களாக்கிய சவுரோனால் குறளரை அடிமைப்படுத்த இயலவில்லை. அடக்கியாளப்படாத இயல்பினராகவே அவர்கள் படைக்கப்பட்டிருந்தனர். அதனாலேயே அவன் அவர்களை வெறுத்தான். வேட்கை மோதிரத்தால் மூட்டப்பட்டதெனின் பழி மூட்டியவனுக்கா, மூட்டப்பட்டவனுக்கா? அன்றியும், அதே கதையில் எல்வ வேந்தனுக்கும் செல்வத்தில் வேட்கை உண்டு என்று ஆசிரியர் சொல்கிறார். ஏரி நகரத்தின் தலைவன், மக்களுக்கென வந்த பொன்னைக் கவர்ந்துகொண்டு ஓடிப் பாலைவெளியிற் பட்டினியால் மடிகிறான். அதைக்கொண்டு ஏரி நகரத்தார் பேராசைக் குலத்தினர் என்று எவரேனும் எழுதினரா? மூன்று மணிகளுக்காக எல்வர் தம் உறவினரையே கொன்று ஒரு யுகம் முழுவதும் போரிட்டனர்; அதற்குப் பெயர் காவியச் சோகம். பிறருக்குத் தனிமனிதரின் குற்றமாக இருப்பது குறளருக்கு மட்டும் குலத்தின் குணமாகிவிடுகின்றது. தோரினுக்குப் பின் அரசனான டைன், பதினான்கில் ஒரு பங்கைப் பார்டுக்குத் தயக்கமின்றிக் கொடுத்ததைப் பலர் நினைவிற் கொள்வதில்லை.

அந்த டைனுக்கு ஒரு சோதனை வந்தது. எல்ரோண்டின் அவையில் குளோயின் அதனை விவரிக்கிறார். மோர்டோரிலிருந்து இரவில் ஒரு தூதன் எரெபோர் வாயிலுக்கு வந்தான். ஹொபிற்று ஒருவனைப் பற்றிய செய்தியும் ஒரு சிறு மோதிரமும் கொடுத்தால், குறளரின் பழைய மோதிரங்கள் மூன்றும் திருப்பித் தரப்படும். மோரியாவும் என்றென்றைக்கும் அவர்களுடையதாகும் என்றான். இழந்த தாயகமும் இழந்த செல்வமும் ஒருங்கே, ஒரு சொல்லின் விலைக்கு! டைன் விடை கூறவில்லை. மாறாக, அந்த ஹொபிற்றை எச்சரிக்க ஆள் அனுப்பினான். விடை கூறாமைக்கு விலை இருந்தது. 3019 இல் சவுரோனின் கிழக்குப் படை வந்தபோது, வீழ்ந்த டேல் அரசன் பிராண்டின் உடலுக்குக் காவலாக எரெபோர் வாயிலில் நின்று, 252 வயதில், கோடரியேந்திய கையுடன் டைன் மாண்டான். இக்காட்சி பெருங்கதையின் ஓரத்தில், சில வரிகளில் முடிந்துவிடுகின்றது.

ரொல்கீனின் மனமும் ஒரே நிலையில் நின்றதன்று என்பதை நேர்மையாகக் கூற வேண்டும். முதல் உலகப் போர்க்காலத்து அவருடைய இளமைக் கதைகளில் குறளர் தீயவராகவே வருகின்றனர். 1937 இன் 'ஹொபிற்' நூலிலும், குறளர் வீரர் அல்லர், கணக்குப் பார்க்கும் மக்கள் என்று கதைசொல்லி ஓரிடத்தில் மதிப்பிடுகிறார். பொன்னை நேசிக்கும் குறுகிய மக்கள் என்ற உருவம் ஐரோப்பாவில் வெறும் வேடிக்கையாக இருந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் வாக்னரின் இசைநாடகத்தில் வரும் அல்பெரிக் என்ற குள்ளனை யூதரைப் பழிக்கும் கேலிச்சித்திரமாகக் கண்டோர் பலர். ரொல்கீன் அமைத்த குறளர் மொழி, எபிரேயத்தையும் அரபியையும் போல மெய்யெழுத்து வேர்களின் மீது கட்டப்பட்டது. யூதருடனான ஒப்புமையை அவரே ஒரு கடிதத்திலும் பின்னர் பி.பி.சி. வானொலி நேர்காணலிலும் ஒப்புக்கொண்டார்: வாழும் நாட்டில் சுதேசியாகவும் அந்நியராகவும் ஒருங்கே இருப்பவர், அயல்மொழி பேசியும் தம் மொழியை மறைவிற் பேணுபவர். 1938 இல் 'ஹொபிற்' நூலை வெளியிட விரும்பிய ஒரு ஜேர்மன் பதிப்பகம் அவர் ஆரியரா என்று கேட்டபோது, அக்கேள்வியையே இகழ்ந்து அவர் விடை வரைந்தார். 1937க்கும் 1955க்கும் இடையில், ஒரு மக்களைப் பொன்னாசையோடு பிணைத்துப் பேசும் பேச்சு எங்கு கொண்டுபோய் விடும் என்பதை ஐரோப்பா கண்டது. அதனால்தான் அவர் பின்னிணைப்பை அவ்வாறு எழுதினார் என்று சாதிக்க நான் முற்படவில்லை. ஆயினும் கணக்குப் பார்க்கும் மக்கள் என்று தொடங்கியவர், எரியுண்டவரின் வழித்தோன்றல்கள் என்று முடித்தார். ஆசிரியர் நகர்ந்தார், அவருடைய வாசகர் 1937 இலேயே நின்றுவிட்டனர்.

திரைப்படம் எடுத்தோர் அதற்கும் பின்னே சென்றனர். பீற்றர் ஜக்சனின் 2001ஆம் ஆண்டுப் படத்தில் பேராசைத் தீர்ப்பைக் கூறுபவன் துரோகியாகிய சருமான். அவன் வாயிலே வைத்தது நன்று என்று நாம் மகிழலாம். ஆனால் அதனை மறுக்க எவரையும் படம் பேச விடவில்லை. தொடர்ந்த படங்களில் கிம்லி நகைப்புக்குரியவன். 2012 இல் வந்த 'ஹொபிற்' படம், திரோரின் பொன்னோயே ஸ்மாக்கை வரவழைத்தது என்ற தோற்றத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்துகின்றது. 2024 இல் வெளிவந்த அமேசன் தொடரின் இரண்டாம் பகுதியோ, மூன்றாம் யுகம் 1980 இல் நிகழ்ந்ததை ஒரு யுகம் முன்னே தள்ளி, மோதிரம் அணிந்த மூன்றாம் டூரின் பேராசையாற் சுவரை உடைக்கப் பல்ரோக் எதிர்ப்பட்டதாகக் காட்டிற்று. காலத்தை மாற்றலாம், அரசனை மாற்றலாம். பழியை மட்டும் மாற்றலாகாது போலும். அடிக்குறிப்பைப் படமாக்குவது கடினம் என்பார்கள். படிப்பது கடினமன்றே.

தம் பக்கத்தைக் குறளர் ஏன் தாமே சொல்லவில்லை என்று கேட்கலாம். அவர்கள் தம் மொழியை அயலார்க்குக் கற்பிப்பதில்லை. தம் உண்மைப் பெயரைக் கல்லறையிற்கூடப் பொறிப்பதில்லை. டூரின், திரைன், தோரின் என்று நாம் அறிந்தவையெல்லாம் அயலாரிடம் வழங்குவதற்கென அயல்மொழியிற் கொண்ட பெயர்கள். ரொல்கீன் அவற்றிற் பலவற்றைப் பழைய நோர்சுப் பாடலாகிய வொலுஸ்பாவின் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுத்தார். பெண்களைப் பற்றியோ, அவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே என்பதும் டீஸ் என்ற ஒருத்தியின் பெயரும் தவிர வேறொன்றும் நமக்குத் தரப்படவில்லை. அக்குறையைப் பின்னிணைப்பின் மீதே சுமத்த வேண்டும்.

எனினும் அவர்கள் எழுதியது ஒன்று உண்டு. 2989 இல் பலின் என்பவன் ஒரு சிறு கூட்டத்துடன் மோரியாவுக்கு மீண்டான். 2994 இல் அனைவரும் அழிந்தனர். அவர்கள் இறுதிவரை எழுதிய நாட்குறிப்பு, வெட்டுண்டும் எரிந்தும் குருதி தோய்ந்தும் மஸார்புல் அறையில் 3019 இல் கண்டெடுக்கப்பட்டது. இந்நூலின் மூன்று பக்கங்களை ரொல்கீன் தம் கையாலேயே செய்தார்: குறளர் எழுத்திலும் எல்வர் எழுத்திலும் எழுதி, ஓரங்களைத் தம் புகைக்குழாயின் நெருப்பாற் கருக்கி, தையலுக்குத் துளையிட்டு, குருதிக்குச் சிவப்பு மை தீட்டினார். அப்பக்கங்கள் 1954 இல் வெளிவந்த முதற் பாகத்தில் இடம்பெற வேண்டுமென்று விரும்பினார். அச்சுச் செலவு மிகும் என்று பதிப்பகத்தார் விட்டுவிட்டனர். குறளர் தம் கைப்பட எழுதிய ஒரே சாட்சியம் ஆசிரியரின் வாழ்நாளில் அந்நூலில் அச்சேறவில்லை.

இன்னொன்றும் அவ்வாறே வெளியில் நின்றது. கிறிஸ்ரோபர் ரொல்கீன் 1996 இல் பதிப்பித்த தந்தையின் கையெழுத்துப் படிகளிடையே, டூரின் குலத்தின் இறுதிப் பகுதிக்கென எழுதப்பட்டு 1955 இன் பின்னிணைப்பிற் சேராத ஒரு குறிப்பு உள்ளது. அதன்படி, டைனின் வழியில் ஏழாவதும் இறுதியுமான டூரின் பிறந்து தன் மக்களுடன் மோரியாவுக்கு மீள்கிறான். ஆழத்தில் மீண்டும் விளக்கெரிகின்றது, சம்மட்டி ஒலிக்கின்றது, யாழும் ஒலிக்கின்றது. அச்சிட்ட நூலிலோ வம்சாவளிப் பட்டியலின் இறுதியில் ஏழாம் டூரின் என்ற பெயர் மட்டும் நிற்கின்றது. அவன் எங்கே வாழ்ந்தான் என்று அருகில் ஏதும் எழுதப்படவில்லை.